எம்.டி., ஐஸ், எக்ஸ்டஸி: உடம்புச் சூடும் மூளையும் பற்றி மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் சின்ன டிஸ்பென்சரி வைத்திருக்கிறேன். சளி, சர்க்கரை, பிரஷர் என்று வருகிறவர்கள் மருந்துச் சீட்டை வாங்கியபின் எழுந்திருக்காமல், குரலைத் தாழ்த்தி, "டாக்டர், இன்னொரு விஷயம்" என்பார்கள். அந்த இன்னொரு விஷயம் சில வருடங்களாகப் பெரும்பாலும் எம்.டி. என்கிற போதைப் பவுடர்தான்.

ஒரு மே மாதம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே இட்லி வியாபாரம் செய்கிற ஒரு அம்மா வந்தார். முந்தின வாரம் அவர் மகன் இரவு ஒரு மணிக்கு வீடு திரும்பியபோது உடம்பு கொதித்திருக்கிறது. காய்ச்சல் என்று நினைத்து இரண்டு குரோசின் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, விடியட்டும் என்று காத்திருந்தார். விடிந்தபோது மகனுக்குச் சுயநினைவு இல்லை. உயிர் பிழைத்தான், ஆனால் சிறுநீரகம் வேலை செய்யாமல் பல வாரம் டயாலிசிஸ் ஓடியது. "காய்ச்சல்னுதானே டாக்டர் நினைச்சேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. அவரைப் போன்றவர்கள் கேட்டவற்றையும், கேட்கத் தயங்கியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

எம்.டி. என்றால் என்ன? ஐஸ், எக்ஸ்டஸி எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல, ஆனால் ஒரே குடும்பம். மும்பைத் தெருவில் எம்.டி. என்றும் மியாவ் மியாவ் என்றும் சொல்வது மெஃபட்ரோன் என்ற பொருளை. எக்ஸ்டஸி மாத்திரையில் இருக்க வேண்டியது எம்.டி.எம்.ஏ. பெயர் ஒட்டி வருவதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஐஸ், கிரிஸ்டல் என்பது மெத்தாம்ஃபெட்டமின்.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆம்ஃபெட்டமின். 1887ல் பெர்லினில் முதலில் தயாரிக்கப்பட்டது. 1893ல் ஜப்பானில் நாகாய் என்ற வேதியியலாளர் எஃபெட்ரினிலிருந்து மெத்தாம்ஃபெட்டமினை உருவாக்கினார். எம்.டி.எம்.ஏ. 1912ல் ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்தில் பிறந்தது. மெஃபட்ரோன் 1929லேயே தயாரிக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் யாருக்கும் தேவைப்படாமல் கிடந்து, 2000க்குப் பிறகு தெருவுக்கு வந்தது. ஆம்ஃபெட்டமினின் அமைப்பில் ஓர் ஆக்சிஜன் அணுவைக் கூட்டினால் கிடைப்பது கேத்தினோன். மெஃபட்ரோன் அந்தக் கேத்தினோனின் பிள்ளை. இந்தியாவில் 2015ல்தான் இது போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் இதைச் சட்டப்படி தடுக்க வழியே இல்லாமல் இருந்தது.

தெருவில் விற்கிற பவுடரில் எது எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. கீழே படிக்கும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சாப்பிட்டால் உடம்பு ஏன் சுடுகிறது?

நம் உடம்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கிட்டத்தட்ட நூறு வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பத்தைத் தோல் வழியாகவும் வியர்வை வழியாகவும் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் உள்ளே 37 டிகிரி நிற்கிறது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது.

ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகள் இந்தக் கணக்கின் இரண்டு பக்கத்திலும் கை வைக்கின்றன. முதலில் உற்பத்தி கூடுகிறது. நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின், டோப்பமின், செரடோனின் என்ற மூன்று தூதுப் பொருள்களும் கொட்டுகின்றன. இதயம் அடித்துக்கொள்கிறது, தசைகள் இறுகுகின்றன, தாடை கடித்துக்கொள்கிறது, ஆள் ஒரு இடத்தில் உட்காராமல் அலைகிறான். தசை வேலை செய்தால் சூடு வரும், அது தெரிந்ததுதான். ஆனால் ஆடாமல் அசையாமல் இருந்தாலும் தசைக்குள் சூடு உண்டாகிறது. தசை செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் யு.சி.பி.3 என்று ஒரு புரதம் உண்டு. எரிபொருளைச் சக்தியாக மாற்றாமல் வெறும் வெப்பமாக விட்டுவிடுவதில் அதற்குப் பங்கு இருக்கிறது. அந்தப் புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு எம்.டி.எம்.ஏ. கொடுத்தபோது சூடு அந்த அளவுக்கு ஏறவில்லை என்று 2003ல் ஓர் ஆய்வு காட்டியது.

அடுத்தது, வெளியேறும் வழி அடைபடுகிறது. சூடானால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிய வேண்டும், உள்ளே இருக்கும் சூட்டை ரத்தம் தோலுக்குக் கொண்டுவர வேண்டும். நார்அட்ரினலின் அந்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அடுப்பு முழு வேகத்தில் எரிய, புகைபோக்கியை மூடிவிட்ட நிலைமை. இதனால்தான் சிலருக்கு உள்ளே 104 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போதும் கையும் காலும் சில்லென்று இருக்கும். கையைத் தொட்டுப் பார்த்து "சூடு இல்லையே" என்று ஏமாந்துவிடாதீர்கள்.

இதற்கும் மேலே, போதையில் இருப்பவனுக்குத் தாகமும் தெரியாது, களைப்பும் தெரியாது. சாதாரணமாக நம்மை நிறுத்துகிற மணி அடிப்பதே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைவீரர்களுக்குப் பெர்விடின் என்ற பெயரில் மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரை கொடுத்தது இந்தக் களைப்பு தெரியாத குணத்துக்காகத்தான்.

மும்பையில் இது கூடுதல் ஆபத்தா?

ஆமாம். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வியர்வை வழிந்தால் உடம்பு குளிராது. வியர்வை ஆவியானால்தான் குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் பிரயோஜனமே இல்லை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். மே மாதத்திலும், மழை நின்ற அக்டோபரிலும், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும், காயாது. டெல்லியின் 45 டிகிரி உலர்ந்த வெயிலோடு ஒப்பிட்டு "இங்கே 35தானே" என்று நினைப்பது தப்பு.

போதையே இல்லாமல் இந்த வெப்பம் என்ன செய்யும் என்பதை 2023 ஏப்ரலில் நவி மும்பை கார்கரில் பார்த்தோம். ஒரு விருது விழாவுக்குத் திறந்த வெளியில் உட்கார்ந்திருந்தவர்களில் பதினான்கு பேர் இறந்துபோனார்கள். அன்றைய வெப்பநிலை 38 டிகிரி அளவில்தான் இருந்தது.

இப்போது ஒரு தாராவி அறையை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே மாளா என்கிற மேல் அறை, ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு ஃபேன், அதுவும் சூடான காற்றையே சுற்றிவிடும். அங்கே நாலு பையன்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? 1940களிலேயே ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தனியாக இருக்கும் எலியைக் கொல்லாத ஆம்ஃபெட்டமின் அளவு, நெருக்கமாக அடைத்து வைக்கப்பட்ட எலிகளைக் கொன்றது. கூட்டமும் அடைசலும் சேர்ந்தால் அதே அளவு விஷமாகிறது. இரைச்சலும் கூட்டமும் உள்ள பார்ட்டி ஹாலுக்கும், மூடிய மாளாவுக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும்.

குரோசின், டோலோ கொடுத்தால் சூடு குறையாதா?

குறையாது.

கிருமியால் வரும் காய்ச்சலில் மூளை தானே "37 போதாது, 39க்கு ஏற்று" என்று அளவை உயர்த்திவைக்கிறது. குரோசின், டோலோவில் இருக்கும் பாராசிட்டமால் அந்த அளவைத் திரும்ப இறக்குகிறது. போதையால் வரும் சூட்டில் அளவு 37லேயேதான் இருக்கிறது. உடம்புதான் கட்டுப்பாட்டை மீறி எரிகிறது. பாராசிட்டமாலுக்கு அங்கே வேலையே இல்லை. அதோடு அதிக சூட்டில் ஈரலும் அடிபடும் என்பதால், அந்த நேரத்தில் ஈரலுக்கு இன்னொரு சுமை தேவையில்லை.

மாத்திரையின் பெரிய கெடுதல் வேறு. கொடுத்துவிட்டோமே, இனிக் குறையும் என்று நம்மைக் காத்திருக்க வைக்கும். அந்த அம்மா இழந்தது ஐந்து மணி நேரம்.

எப்போது பயப்பட வேண்டும்?

40 டிகிரி, அதாவது 104 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அவசரம். 41, 42 என்று போனால் செல்களின் புரதங்களே சிதையத் தொடங்கும். தசை கரைந்து, அந்தக் கசடு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் அதுதான் காரணம். ரத்தம் உறையும் ஒழுங்கும் கெட்டுப்போய், கண்ட இடத்தில் ரத்தம் கசியலாம்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் இவற்றைப் பாருங்கள்: பேச்சு குழறுகிறது, ஆள் யார் என்று தெரியவில்லை, கை கால் விறைத்திருக்கிறது, வலிப்பு வருகிறது, வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று வியர்வை நின்றுபோனது, மார்பு வலி. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

ஆம்புலன்ஸ் வரும்வரை வீட்டில் என்ன செய்வது?

108க்குப் போன் செய்யுங்கள். சந்துக்குள் வண்டி வராது என்பது நமக்குத் தெரியும், அதனால் இரண்டு பேரை முக்கிய சாலைக்கு அனுப்பி நிறுத்துங்கள். வண்டி வரத் தாமதமாகும் போலத் தெரிந்தால் டாக்ஸியிலோ பக்கத்து வீட்டு டெம்போவிலோ கிளம்பிவிடுங்கள்.

அதற்குள் குளிர்விக்க ஆரம்பியுங்கள். கூட்டத்தை வெளியே அனுப்பி, மாளாவில் இருந்தால் கீழே இறக்கி, சட்டையைக் கழற்றுங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஃபேனைப் போடுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஃபேன் மட்டும் போதாது, ஐஸ் வேண்டும். மீன் விற்கிறவரிடம், கூல்டிரிங்ஸ் கடையில், எங்கே கிடைத்தாலும் வாங்குங்கள். துணியில் சுற்றிக் கழுத்தின் இரு பக்கமும், அக்குளிலும், தொடை இடுக்கிலும் வையுங்கள். அந்த இடங்களில்தான் பெரிய ரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகில் ஓடுகின்றன. நெற்றியில் ஒரு ஈரத்துணி என்பது இதற்குப் போதவே போதாது. நினைவு மங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஒரு முக்கியமான விஷயம். ஆள் முரண்டு பிடிக்கிறான் என்று நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பதும், கயிற்றால் கட்டுவதும் நம் பக்கத்தில் வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். திமிறத் திமிறத் தசை இன்னும் சூடாகும், ரத்தத்தில் அமிலம் ஏறும், இதயம் நின்றுபோகலாம். அடிபடாமல் பார்த்துக்கொண்டு, மெதுவான குரலில், ஒரே ஒரு ஆள் பேசட்டும். அம்மா பேசினால் நல்லது.

சூடு என்றால் நிறையத் தண்ணீர் குடிக்க வைக்கலாமே?

மிடறு மிடறாகக் கொடுக்கலாம், அதுவும் முழு நினைவு இருந்தால் மட்டும். ஓ.ஆர்.எஸ். கரைசல் இருந்தால் வெறும் தண்ணீரைவிட அது மேல். குடம் குடமாகக் கொடுத்தால் வேறொரு ஆபத்து வரும். எம்.டி.எம்.ஏ. உடம்பில் வாசோபிரெஸ்ஸின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது. அது சிறுநீரைத் தடுத்துவிடும். குடித்த தண்ணீர் வெளியே போகாமல் ரத்தத்தில் தங்கி, சோடியத்தை நீர்க்கச் செய்து, மூளையை வீங்கவைக்கும். 1995ல் இங்கிலாந்தில் தன் பதினெட்டாவது பிறந்தநாள் விருந்தில் எக்ஸ்டஸி எடுத்த ஒரு பெண், ஒன்றரை மணி நேரத்தில் ஏழு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடித்து, மூளை வீங்கி இறந்துபோனார்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? போலீஸ் வருமா?

ஐஸ் தண்ணீரால் உடம்பைக் குளிர்விப்பார்கள், முதல் அரை மணி நேரத்துக்குள் 39க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். படபடப்பையும் தசை இறுக்கத்தையும் அடக்க லோராசெபாம், டயஸிபாம் போன்ற மருந்துகள் ஊசி வழியாகப் போகும். மூளையும் தசையும் அமைதியானாலே பாதிச் சூடு இறங்கிவிடும். சலைன், ரத்தச் சோதனைகள், நிலைமை மோசமானால் மயக்கம் கொடுத்து வென்டிலேட்டர்.

போலீஸைப் பொறுத்தவரை, இப்படிப்பட்ட கேஸ்களை ஆஸ்பத்திரி எம்.எல்.சி., அதாவது சட்டம் சம்பந்தப்பட்ட கேஸ் என்று பதிவு செய்து தகவல் கொடுப்பது வழக்கம். அந்தப் பயத்தில்தான் பல குடும்பங்கள் விடியும்வரை காத்திருக்கின்றன. என்.டி.பி.எஸ். என்கிற போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ உபயோகித்ததற்காகவோ வழக்கில் சிக்கிய போதை அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அது வழி செய்கிறது. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கேஷுவால்டியில் டாக்டர் கேட்டால் என்ன எடுத்தான், எப்போது எடுத்தான் என்று உண்மையைச் சொல்லுங்கள். பாக்கெட்டில் மிச்சம் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

மூளை செல் செத்துப்போகிறது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. முழு உண்மையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

டோப்பமின் ஊறுகாய் மாதிரி. பீங்கான் ஜாடியில் இருக்கும்வரை வருடக்கணக்கில் கெடாது. அதையே அலுமினியத் தூக்கில் ஊற்றி வைத்தால் பாத்திரத்தை அரித்துவிடும். நரம்பு முனைக்குள் டோப்பமினைச் சின்னச் சின்னப் பைகளில் பத்திரமாக மூடி வைத்திருக்கிறது மூளை. மெத்தாம்ஃபெட்டமின் உள்ளே புகுந்து அந்தப் பைகளிலிருந்து டோப்பமினை வெளியே கொட்டவைக்கிறது. வெளியே போன டோப்பமினைத் திரும்ப உள்ளே இழுக்க வேண்டிய பம்பையும் தலைகீழாக ஓடவைக்கிறது. இதனால்தான் அந்த வெறித்தனமான உற்சாகம்.

பைக்கு வெளியே, நரம்பு முனைக்குள்ளேயே தேங்கிய டோப்பமின், ஆக்சிஜனோடு சேர்ந்து குயினோன்களாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாறுகிறது. இவை புரதத்தையும் கொழுப்புச் சவ்வையும் மைட்டோகாண்ட்ரியாவையும் அரிக்கும். இன்னொரு பக்கம் நரம்பு செல்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற பொருள் அளவுக்கு மீறிச் சுரந்து செல்லுக்குள் கால்சியத்தை வெள்ளமாக விடுகிறது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா கிளர்ந்தெழுந்து அழற்சியை உண்டாக்குகின்றன.

இதில் முதலில் அடிபடுவது நரம்பு செல்லின் நீண்ட வால் முனைதான். செல்லின் உடல் பெரும்பாலும் தப்பிக்கிறது. மெத்தாம்ஃபெட்டமினில் டோப்பமின் முனைகள், எம்.டி.எம்.ஏ.யில் செரடோனின் முனைகள் என்று விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன. மரத்தை வேரோடு பிடுங்குவதற்கும் கிளைகளை வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. மீள்வதற்கு வாய்ப்பு இருப்பதும் இதனால்தான்.

சூட்டுக்கும் மூளைச் சேதத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

இருக்கிறது, நெருக்கமாகவே இருக்கிறது. என் அனுபவத்தில் குடும்பங்களுக்கு யாரும் சொல்லாத பகுதி இது. சூடு ஒரு பிரச்சினை, மூளை வேறொரு பிரச்சினை என்று பிரித்துப் பார்க்கிறார்கள்.

எலிகளை 20 டிகிரி அறையில் வைத்து எம்.டி.எம்.ஏ. கொடுத்தார்கள். அதே அளவை 28, 30 டிகிரி அறையில் இருந்த எலிகளுக்கும் கொடுத்தார்கள். சூடான அறையில் இருந்தவற்றின் உடம்புச் சூடும் அதிகம் ஏறியது, செரடோனின் இழப்பும் அதிகமாக இருந்தது. 1998ல் வெளியான ஆய்வு இது. மருந்து அளவு ஒன்றே, மாறியது அறையின் வெப்பம் சில டிகிரிகள் மட்டும். மெத்தாம்ஃபெட்டமினிலும் இதே கதைதான். குளிர்ந்த சூழலில் வைக்கப்பட்ட விலங்குகளின் டோப்பமின் முனைகள் பெருமளவு தப்பின.

சூடு ஏறினால் மேலே சொன்ன அரிப்பு வினைகள் எல்லாம் வேகம் பிடிக்கும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவரும் சூட்டில் கசியத் தொடங்கும், உள்ளே வரக்கூடாதவை உள்ளே வரும், மூளை வீங்கும். வெறும் சூடு மட்டும் டோப்பமின் முனைகளை இப்படி அழிப்பதில்லை. மருந்து மூட்டிய தீயைச் சூடு ஊதிவிடுகிறது.

அறையின் வெப்பம் 28, 30 என்பது மும்பையில் ஜனவரி மத்தியானம். மே மாத மாளாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ஏ.சி. அறையில் எடுத்தால் ஒன்றும் ஆகாதா?

ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் நேராகவே கேட்டான். இல்லை. குளிர் சேதத்தைக் குறைக்கிறது, துடைத்துவிடுவதில்லை. அளவு கூடும்போது குளிர்ந்த அறையிலும் விலங்குகளின் நரம்பு முனைகள் கெட்டிருக்கின்றன. இதயத்தில் ரத்தக் குழாய் இறுகுவதையும், மூளையில் ரத்தம் கசிவதையும் ஏ.சி. தடுக்காது. அதோடு, எம்.டி.யில் ஏறும் ஆசை ஒரு தடவையோடு நிற்பதில்லை. ஒரு மணி நேரத்தில் இறங்கும், உடனே இன்னொரு கோடு இழுக்கத் தோன்றும், இரவு முழுக்க அப்படியே போகும்.

எம்.டி. மட்டும் மூளையைக் கெடுக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்களாம்?

இந்தப் பேச்சுக்கு ஓர் ஆய்வு அடிப்படையாக இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். எலிகளில் மெஃபட்ரோன் தனியாகக் கொடுக்கப்பட்டபோது டோப்பமின் முனைகளில் சேதம் தெரியவில்லை. ஆனால் அதே குழுவினர் அடுத்துச் செய்த ஆய்வில், மெஃபட்ரோனோடு மெத்தாம்ஃபெட்டமினோ ஆம்ஃபெட்டமினோ எம்.டி.எம்.ஏ.வோ சேர்ந்தபோது, அவற்றின் சேதம் வழக்கத்தைவிட அதிகமானது. தெருவில் வாங்கும் பொட்டலத்தில் எது கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறவனை நம்ப வேண்டாம்.

ஒரே ஒரு தடவை எடுத்திருக்கிறான். மூளை போய்விட்டதா?

போய்விடவில்லை, அமைதியாக இருங்கள். 2002ல் ஒரு பிரபல அறிவியல் இதழில், ஒரே இரவு எக்ஸ்டஸி எடுத்தாலே கை கால் நடுங்கி விறைக்கும் பார்கின்சன் நோய்க்கு வழி வகுக்கும் என்கிற மாதிரி குரங்கு ஆய்வு ஒன்று வெளிவந்து உலகமே பதறியது. அடுத்த வருடம் ஆய்வாளர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பாட்டிலில் லேபிள் மாறிப்போய், எம்.டி.எம்.ஏ. என்று நினைத்து மெத்தாம்ஃபெட்டமினைக் கொடுத்திருந்தார்கள்.

பிள்ளைகளைப் பயமுறுத்த இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லாதீர்கள். ஒன்று பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டால், சூட்டைப் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையையும் கேட்க மாட்டான். அதே ஒரு தடவையில் சூடு ஏறி இறந்தவர்களும் இருக்கிறார்கள் என்பது உண்மை.

பல வருடம் எடுத்தவர்கள் நிறுத்தினால் மூளை திரும்ப வருமா?

ஓரளவு வரும். மெத்தாம்ஃபெட்டமினை நீண்ட காலம் எடுத்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து, ஒரு வருடத்துக்கு மேல் விலகியிருந்தபின் திரும்ப ஸ்கேன் செய்த ஆய்வு 2001ல் வெளிவந்தது. ஆட்கள் சிலர்தான். டோப்பமின் பம்புகளின் எண்ணிக்கை கணிசமாக மீண்டிருந்தது. நினைவாற்றல், கை வேகம் போன்ற சோதனைகளில் அந்த அளவுக்கு முன்னேற்றம் தெரியவில்லை.

நிறுத்திய முதல் சில மாதங்கள்தான் கடினம். எதிலும் ருசி இருக்காது, பிரியாணியும் மண் மாதிரி இருக்கும், கிரிக்கெட்டும் பிடிக்காது. "நிறுத்தியும் இப்படி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறானே" என்று வீட்டில் எரிச்சல் வரும். டோப்பமின் முனைகள் குறைந்த மூளைக்கு மகிழ்ச்சி எட்டவே சிரமம் என்பதைப் புரிந்துகொண்டு பொறுங்கள்.

பார்கின்சன் நோய் வருமா?

வாய்ப்பு கூடுகிறது. கலிஃபோர்னியாவின் ஆஸ்பத்திரிப் பதிவுகளை வைத்து 2012ல் வந்த ஆய்வில், ஆம்ஃபெட்டமின் வகைகளால் அனுமதிக்கப்பட்டவர்களுக்குப் பின்னாளில் பார்கின்சன் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு இருந்தது. அந்த நோயே பொதுவாக அரிது என்பதால் பெரும்பாலானோருக்கு வராது.

மகளுக்கு ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவுப் பிரச்சினைக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுக்கிறார்கள். அதுவும் இதுதானே, நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள். அது டோப்பமின் பம்பை மெதுவாக அடைக்கிறது, பைகளை உடைத்துக் கொட்டவைப்பதில்லை. மருத்துவர் அளந்து கொடுக்கும் வாய்வழி மாத்திரையும், மூக்கில் இழுக்கும் பவுடரும் ஒன்றல்ல. சந்தேகம் இருந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவன் இதையும் எடுத்தால்?

மிகவும் ஆபத்து. செரடோனினைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரைகள், வலிக்கான டிரமடால், இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், இவற்றில் எதுவும் எக்ஸ்டஸியோடு சேர்ந்தால் செரடோனின் அளவு கட்டுமீறிப் போகலாம். கால்கள் விறைத்துத் துடிக்கும், கண்மணி விரியும், சூடு வேகமாக ஏறும். மேலே சொன்ன அவசர முறைகளே இதற்கும். வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

மகன் இரண்டு நாள் தூங்காமல் இருந்தான், இப்போது இரண்டு நாளாகத் தூங்குகிறான். எங்கே கூட்டிப் போவது?

எழுப்பினால் எழுந்து பேசுகிறானா, மூச்சு சீராக இருக்கிறதா, சூடு இல்லையா என்று பாருங்கள். அப்படியென்றால் தூங்கட்டும், எழுந்ததும் சாப்பாடு கொடுங்கள். விசாரணையை அன்றைக்கே வைக்க வேண்டாம். தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள், சுவருக்குள் பேச்சு கேட்கிறது என்று சொன்னாலோ சாக வேண்டும் என்று பேசினாலோகூட உடனே கிளம்புங்கள்.

சயான் மாநகராட்சி மருத்துவமனை, பரேல் கே.இ.எம். இரண்டிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவும் குறைவு. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநலத்துக்கு 14416. பூட்டி வைத்து அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் இடங்களில் விட்டுவிடாதீர்கள். இந்த வகைப் போதையிலிருந்து வெளியே வர, ஹெராயினுக்கு இருப்பது போல மாற்று மருந்து ஒன்றும் நிலைநிறுத்தப்படவில்லை. தொடர்ந்த கவுன்சலிங்கும், தூக்கமும், வேலையும், வீட்டில் பேசுவதற்கு ஒரு ஆளும்தான் இப்போதைக்கு இருக்கும் வழி. நாலைந்து தடவை சறுக்கியும் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் என்ன தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளலாம்?

மெடிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் போதும். கண்ணாடிப் பாதரசம் வேண்டாம், தாடை இறுகியிருப்பவன் வாயில் அது உடைந்துவிடும். அக்குளில் வைத்துப் பாருங்கள், காட்டுவதைவிட உள்ளே ஒரு டிகிரியாவது அதிகம் இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்குளில் 103 காட்டினாலே கிளம்பிவிடுங்கள்.